கடல் கடக்கும் குடம்

நெல் மூட்டையை வண்டியில் ஏற்றினால் அஃது ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். மரமும் இரும்பும் அத்தகையனவே. எண்ணெய், பால், அமிலம் முதலிய நீர்மப் பொருள்களோ அவ்வாறு அடங்கிக் கிடப்பனவல்ல. வண்டி சாய்ந்தால் உடன் சாயும். வண்டி நின்ற பின்னும் தாம் நில்லா. வெயில் பட்டால் பெருகும். புரை கண்டால் ஒழுகும். அவற்றுட் சில ஆவியாகிப் பரந்து, எங்கோ எரியும் விளக்கின் சுடரையும் பற்றிக்கொள்ளும். இத்தகைய சரக்கை அலைகடல்மீது கொண்டுசெல்லும் முறையை மக்கள் பட்டுத்தான் அறிந்தனர்.

முன்னாளில் நீர்மச் சரக்குகள் மரப்பீப்பாய்களிலேயே கப்பலேறின. பீப்பாயின் பலகை சிறிது சுருங்கினும் சரக்குக் கசியும். காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாகு நகரில் மண்ணெண்ணெய் வாணிகம் செய்த லுட்விக் நோபல் என்பார், பீப்பாய்களை விலக்கிக் கப்பலினுள்ளேயே இரும்புத் தொட்டிகளை அமைக்கத் துணிந்தார். இவர் நோபல் பரிசுக்கு வழிவகுத்த ஆல்பிரெட் நோபலின் தமையனார். சுவீடன் நாட்டில் கட்டப்பெற்ற இவருடைய 'சொராஸ்டர்' என்னும் கப்பல் 1878ஆம் ஆண்டில் தோன்றியது.

அதனை ஒத்த மற்றொரு கப்பலாகிய 'நார்டென்ஷெல்டு', 1881ஆம் ஆண்டில் பாகு துறையில் மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தது. அப்போது வீசிய காற்றுக் கப்பலைத் தள்ளவே, எண்ணெய் பாய்ந்துகொண்டிருந்த குழாய் தன் இடத்தினின்று விடுபட்டது. எண்ணெய் மேல்தளத்திற் கொட்டி, எந்திர அறைக்குள்ளும் இறங்கிற்று. அங்கே தொழிலாளர் விளக்கொளியில் வேலை செய்துகொண்டிருந்தனர். கப்பல் வெடித்தது, கப்பலோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அதன்பின் நோபல், கப்பலின் அசைவுக்கேற்பத் தானும் வளைந்து கொடுக்கும் கசியாக் குழாயை அமைத்தார்.

அவ்விபத்து, நீர்மம் ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு மாறும் இடத்தில் நேர்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மாறும் இடங்கள் எத்துணை மிகுகின்றனவோ, அத்துணை இடரும் மிகும்.

பல்லாயிரம் டன் எண்ணெயை ஒருங்கே அனுப்புவோர்க்கு எண்ணெய்க் கப்பல் ஏற்றது. ஓர் ஆலை இருபது டன்னளவு சரக்கை மட்டும் அனுப்ப விரும்பினால் என் செய்வது? அத்தகைய சரக்கு இரும்பு டிரம்களிற் சென்றது. ஒரு டிரம் 200 லிட்டர் கொள்ளும். 24,000 லிட்டருக்கு 120 டிரம்கள் வேண்டும். அவற்றை உருட்டவும் தூக்கவும் அடுக்கவும் பலர் உழைக்கவேண்டும். 120 மூடிகளுள் ஒன்று தளர்ந்தாலும் கேடுதான்.

இதற்கொரு வழி, நீர்மத்தோடு தொடர்பில்லாத வேறொரு முயற்சியினின்று பிறந்தது. அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்திய மால்கம் மக்லீன் என்பார், சரக்கைப் பெட்டியோடு லாரியினின்று தூக்கி அப்படியே கப்பலில் வைக்கலாம் எனக் கருதினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்குத் துறையினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அக்கப்பல் முன்னர் எண்ணெய்க் கப்பலாய் இருந்தது என்பது வியப்பான பொருத்தமே. மக்கள் இன்று 'கண்டெய்னர்' என வழங்கும் கொள்கலன் போக்குவரவு இவ்வாறு வளரலாயிற்று. அப்பெட்டியின் அளவிலேயே நீர்மத்திற்கும் ஒரு கலம் செய்யப் பொறியாளர் பின்னர் முயன்றனர். அதுவே தொட்டிக் கொள்கலன்.

இஃது எஃகுச் சட்டத்தினுள் படுக்கவைத்த ஓர் உருளை. சட்டம் பொதுவாக 20 அடி நீளமும் 8 அடி அகலமும் 8½ அடி உயரமும் உடையது. பாரந்தூக்கி சட்டத்தின் மூலைகளையே பற்றும். கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதும் அம்மூலைகளே சுமையைத் தாங்கும். உருளையின்மேல் மேற்கலத்தின் பாரம் விழாது. உருளை பெரும்பாலும் துருப்பிடியா எஃகினாலானது. ஏறத்தாழ 26,000 லிட்டர் வரை கொள்வனவும் உள. ஆலையில் நிரப்பி மூடியபின் லாரி, இரயில், கப்பல் என ஊர்தி மாறுமேயன்றிச் சரக்குக் கலம் மாறாது.

ஆயினும், கலம் நல்லதாயின் எல்லாம் நலமே என்று கருதலாகாது. 'நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்' என்னும் பழமொழி இங்கு உயிர் காக்கும் விதியாகின்றது. பாதி நிரம்பிய தொட்டியைச் சுமந்த லாரி சட்டென நிற்பின், நீர்மம் முழுதும் முன்னோக்கிப் பாய்ந்து லாரியை உந்தும். வளைவில் திரும்பின், ஒருபுறம் ஒதுங்கிக் கவிழ்க்கும். ஆதலின், உள்ளே 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகத் தட்டிகளாற் பிரிக்கப்படாத பெருந்தொட்டியில், எளிதில் ஓடும் இடர்தரு நீர்மத்தை நூற்றுக்கு இருபதுக்கு மேலும் எண்பதுக்குக் கீழுமாக நிரப்பி அனுப்பலாகாது என்பது பன்னாட்டுக் கடற்போக்குவரவு விதி.

விளிம்புவரை நிரப்புவதோ அதனினும் தீது. பெட்ரோல், வெப்பம் பத்துப் பாகை செல்சியசு ஏறினால் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பெருகும். குளிர்நாட்டில் நிரப்பிய 24,000 லிட்டர், முப்பது பாகை மிகுந்த வெப்பநாட்டை அடையும்போது ஏறத்தாழ 720 லிட்டர் கூடிவிடும். அதற்கு இடமில்லையேல் எஃகும் தாங்காது. குடத்துப் பழமொழி இவ்விடத்தில் நமக்கு உதவாது, கணக்கே உதவும்.

மிகுந்த அழுத்தத்தை வெளியேற்ற மேலே வால்வு உண்டு. உள்ளழுத்தம் குறைந்தால் வெளிக்காற்றை உள்ளே விடவும் வால்வு வேண்டும். நீராவியாற் கழுவிய தொட்டியின் வாயிலை உடனே இறுக மூடிவிட்டால், ஆவி குளிர்ந்து நீராகி உள்ளே வெறுமை உண்டாகும். அந்நிலையில் வெளிக்காற்றின் அழுத்தம் எஃகுருளையையும் ஓலைப்பெட்டி போல் நசுக்கிவிடக்கூடும். இடர்தரு சரக்கை அடிவழியே இறக்கும் தொட்டிகள் பலவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடைப்புகள் இருக்கும். முதலது உருளையினுள்ளேயே அமைந்திருப்பதால், மோதலில் வெளிக்குழாய் முறிந்தாலும் சரக்கு வெளிப்படாது. இவையெல்லாம் இரண்டரை ஆண்டுக்கொரு முறையும் ஐந்தாண்டுக்கொரு முறையும் ஆய்வுக்கு உள்ளாகும்.

நிறைந்த தொட்டிக்கு அஞ்சுவோர் வெறுந்தொட்டிக்கு அஞ்சுவதில்லை. அஃது அறியாமை. காற்றுப் பட்டால் கெடும் சரக்கின்மேல் நைட்ரசன் வாயுவை நிரப்புவதுண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சரக்கை இறக்கிய பின்னும் அது தொட்டியில் தங்கியிருக்கும். கழுவுதற்காக உள்ளே இறங்கியவன் ஒன்றும் உணராமலே மயங்கி வீழ்வான். அவனைக் காக்கப் பதறி இறங்குபவனும் அருகிலேயே வீழ்வான். பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. தொட்டியில் அவ்வாறு செய்தலும் ஆகாது. எஞ்சிய ஆவி தீப்பற்றும். ஆதலின் கருவியால் காற்றை அளந்த பின்னரே ஒருவன் இறங்குவான். அவன் மேலேறி வரும்வரை, மற்றொருவன் தொட்டியின் வாயிலை விட்டு அகலாமல் நிற்பான்.