பிள்ளைகளோடு கடல் கடக்கப் போறியா? முதல்ல உன் தூக்கத்துக்கு வழி பண்ணு

தங்கச்சி, கானரி தீவுகள்ல லாஸ் பால்மாஸ்ல இருந்து கரீபியன் பக்கம் செயின்ட் லூசியா வரைக்கும் சுமார் 2,700 கடல் மைல். குடும்பமாப் போற பாய்மரப் படகுக்கு ஏறக்குறைய மூணு வாரம் பிடிக்கும். நவம்பர் கடைசியில கிளம்பினா சூறாவளிப் பருவம் ஏறக்குறைய முடிஞ்சிருக்கும், வடகிழக்குக் காத்தும் பின்னாலிருந்து தள்ளிவிடும். காத்தைப் பத்திக் கவலைப்படாதே. கூட வர மூணாவதா ஒரு பெரியவரைத் தேடு.

நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பிள்ளைகளோட போனோம். ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு மாத்தி மாத்திக் காவல். பகல்ல கண்ணை மூடலாம்னு பார்த்தா, பிள்ளைங்க நல்லாத் தூங்கி எழுந்து ஆறு மணிக்கே மடியில வந்து உட்கார்ந்துடும். பத்தாம் நாள், பையனோட இடுப்புப் பெல்ட்டைக் கயித்துல கோத்தேனா இல்லையான்னு நினைவு வரலை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கோக்கலை. அலையால வர்ற ஆபத்தைவிட அசதியால வர்ற ஆபத்து பெரிசுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அதனால கரையிலேயே ஒரு பழக்கம் பண்ணிடு: வெளியே கால் வைக்கிறதுக்கு முன்னாடியே, படிக்கட்டுல நிக்கும்போதே பெல்ட்டோட கொக்கியைக் கயித்துல மாட்டணும். பெரியவங்களுக்கும் அதே சட்டம்தான். லைஃப் ஜாக்கெட்டுல கால்களுக்கு நடுவுல போற வார் இருக்கணும்; இல்லேன்னா தண்ணியில விழுந்த பிள்ளைக்கு ஜாக்கெட் தலைவழியா நழுவிடும். துறைமுகத்திலேயே பிள்ளைக்கு அதைப் போட்டுத் தண்ணியில இறக்கிப் பாரு. படகோட ஓரக் கம்பிகள் நெடுக வலை கட்டு.

முதல் மூணு நாள் குமட்டல். ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையை அது அவ்வளவாப் படுத்தாது. அதுக்கு மேல உள்ளதைத்தான் வாட்டும். புத்தகம், டேப்லெட் வேண்டாம். வெளியே உட்கார வச்சு அடிவானத்தைப் பார்க்கச் சொல்லு. ஓஆர்எஸ் பாக்கெட் நிறைய எடுத்துக்கோ, கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் கொடு. குமட்டல் மாத்திரையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கு, நீயாக் கொடுக்காதே.

சமையலுக்கு பிரஷர் குக்கர்தான் நல்லது. மூடி பூட்டிக்கும், படகு சாஞ்சாலும் கொதிக்கிறது பிள்ளை மேல கொட்டாது. அட்டைப் பெட்டி எதையும் உள்ளே விடாதே, கரப்பான் முட்டையும் கூடவே ஏறிடும். வாழைத்தாரை நம்பாதே, மொத்தமும் ஒரே நாள்ல பழுத்துடும்.

மேற்கே போகப் போக சூரியன் தாமதமா உதிக்கும். போய்ச் சேர்றப்ப கடிகாரம் நாலு மணி நேரம் பின்னால போயிருக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா மாத்திக்கோ, பிள்ளைங்க தூக்கம் கெடாது.

விடிஞ்சதும் பறக்கும் மீன்கள் தளத்துல விழுந்து கிடக்கும். ராத்திரிக் காவல் பார்த்தவங்க அந்த நேரம் படுத்துக்கட்டும். அந்த மூணாவது ஆள் பிள்ளைங்களை மீன் எண்ணக் கூட்டிட்டுப் போகட்டும், கொக்கியை மாட்டிட்டு.