எண்கள் ஏறும் தேர்: திருவெழுகூற்றிருக்கையும் ரதபந்தமும்



திருமங்கையாழ்வார் அருளிச்செய்த ஆறு திவ்யப்ரபந்தங்களுள் திருவெழுகூற்றிருக்கை ஒரே பாசுரமாக அமைந்தது, இயற்பாவில் ஸேவிக்கப்படுவது. திருக்குடந்தை ஆராவமுதன் திருவடிகளில் ஆழ்வார் செய்யும் சரணாகதியாக நம் பெரியோர் இதனை அநுஸந்திப்பர். இதனைத் தேர் வடிவில் அச்சிட்ட ரதபந்தப் படம் அன்பர் பலருடைய இல்லங்களில் உண்டு.

திருச்சி கைலாசபுரத்தில் கூடும் எங்கள் சிறு கோஷ்டிக்கு அயல்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், "படத்தில் தேர் தெரிகிறது, ஸேவிக்கும்போது தேரைக் காணோமே" என்றார். நியாயமான கேள்வி. தேர் இருப்பது தாளிலா, பாசுரத்திலா?

ஏட்டுச்சுவடியில் பாட்டை அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் அகலம் உள்ளவரை எழுத்து தொடர்ந்து ஓடும். அச்சில் நாம் காணும் தேர் அங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் தேர் இருந்தது. எண்களின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. ஏழு அறை வகுத்து, சிறுபிள்ளைகள் உள்ளே புகுவதும் மீள்வதுமாக ஆடும் விளையாட்டைப் போல, ஒன்று முதல் ஏழு வரை எண்கள் முறை தவறாமல் வரப் பாடுவது எழுகூற்றிருக்கை என்று பழைய யாப்பிலக்கண உரை கூறும்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். ஒன்று, இரண்டு, ஒன்று என மூன்று எண்கள் முதல் தட்டு. அடுத்தது மூன்று வரை ஏறி இறங்கும், ஐந்து எண்கள். அதற்கடுத்தவை நான்கு, ஐந்து, ஆறு வரை ஏறி மீளும். ஏழு வரை ஏறும் தட்டு மட்டும் இருமுறை வரும். ஆக 3, 5, 7, 9, 11, 13, 13 என ஏழு தட்டுகள், 61 எண்கள். மேலிருந்து கீழாக நடுவொத்து அடுக்கினால் தேரின் உருவம் தானே வந்துவிடும். பேரேட்டைக் கூட்டிப் பழகிய கை சும்மா இராது. ஒவ்வொரு தட்டின் கூட்டுத்தொகையையும் பார்த்தோம். 4, 9, 16, 25, 36, 49, 49. ஏறி இறங்கும் எண்வரிசை எதற்கும் இது இயல்பு. இதில் தத்துவம் தேட வேண்டா.

தேட வேண்டிய இடங்கள் வேறு. நான்காம் தட்டில் ஐந்தின் இடத்தில் நிற்பது 'அஞ்சிறை'. அதற்குப் பொருள் அழகிய சிறகு. ஐந்து என்பது செவிக்கு மட்டும். அடுத்து வரும் 'நால்வாய்' யானையின் தொங்கும் வாய். நான்கு வாய்கள் அல்ல. ஐந்தாம் தட்டின் 'இருநீர்' பெருநீர். கட்டத்துக்குள் 5, 4, 2 என்று இலக்கம் மட்டும் எழுதிய படத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் சுவை கிட்டாது.

கஜேந்த்ர மோக்ஷத்தைப் பாருங்கள். நான்காம் தட்டு இறங்குகையில் வாய், மூன்று மதம், இரு செவி என்று அங்கங்களைச் சொல்லிவந்து ஒப்பற்ற ஒரு வேழத்தில் முடிகிறது. அதன் துயர் தீர்ந்த செய்தியோ ஐந்தாம் தட்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. படம் வரைபவர் யானையை ஒரு தட்டின் ஓரத்தில் விட்டுவிட வேண்டியிருக்கிறது. வாக்கியம் அவ்வாறு விடுவதில்லை, கோடு தாண்டிச் சென்று காத்துவிடுகிறது. பெரியவாச்சான் பிள்ளை முதலிய வ்யாக்யாதாக்கள் எண்ணின் முறையோடு நில்லாமல் வாக்கியத்தின் போக்கிலே பொருள் கூறுவது இதனாலேயே.

அதே ஐந்தாம் தட்டு இறங்கும் விதம் அடியோங்களை மிகவும் ஈடுபடுத்துவது. ஐம்புலன்களை உள்ளே அடக்கி, குணங்கள் மூன்றில் ரஜஸ், தமஸ் ஆகிய இரண்டை விலக்கி, எஞ்சிய ஒன்றில் நிலைத்து நிற்பாரைப் பற்றிய இடம் அது. எண் குறையக் குறைய மனமும் ஒடுங்குகிறது. ஆழ்வார் எண்ணுக்காகப் பொருளைத் தேடினாரா, பொருளே எண்ணாயிற்றா என்று பிரித்தறிய முடியவில்லை.

மேலைநாட்டிலும் உருவக்கவிதை உண்டு. ப்ரான்ஸு தேசத்து அப்போலினேர் 1918-இல் வெளியிட்ட 'கலிக்ராம்' தொகுதியில் மழையைப் பற்றிய எழுத்துகள் மழைத்தாரை போலவே சரிந்து விழும். 1950-களில் ப்ரேஸில் கவிஞர்கள் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தனர். அவற்றை நேர்வரியில் அச்சிட்டால் உருவம் போய்விடும். கைபேசித் திரையில் அடிகள் எப்படி மடிந்தாலும் ஆழ்வாருடைய தேர் குலையாது.

எல்லாச் சித்திரகவியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் பாதுகைகளைப் பற்றி ஸ்வாமி தேசிகன் ஒரே இரவில் அருளிச்செய்ததாக ஸம்ப்ரதாயம் போற்றும் பாதுகா ஸஹஸ்ரத்தில், சித்ர பத்ததி 40 ச்லோகங்கள் கொண்டது. அதில் ஒரு ச்லோகத்தின் 32 எழுத்துகளைச் சதுரங்கப் பலகையின் பாதியில், வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதி, குதிரை தாவும் முறையில் படித்துச் சென்றால் அடுத்த ச்லோகம் கிடைக்கும். இதைக் கட்டமின்றிச் செவியால் மட்டும் பிடிப்பது நம்மால் ஆகாது. அங்கே படம் தேவை.

ஆகையால் குழந்தைகளுக்கு முதலில் பாசுரத்தைச் சந்தை சொல்லிவைத்து, எண் வரும் இடந்தோறும் விரலை மடக்கச் செய்து, அதன் பின்பே கட்டம் போடச் சொல்கிறோம். தேரை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். திருக்குடந்தைக்குச் சென்று, குதிரைகளும் யானைகளும் இழுக்கும் கல்தேராகவே அமைந்த ஸந்நிதியை ஸேவிக்கும்போது, அவர்கள் மனத்தில் முன்பே ஒரு தேர் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் முறை ஏழிலிருந்து இறங்கி ஒன்றில் முடிந்தபின், எண்முறைக்கு உட்படாமல் பாசுரம் மேலும் செல்கிறது. சோலையும் பொன்னியும் வயலும் மதிலும் சூழ்ந்த திருக்குடந்தை வருகிறது. அரவணையில் துயிலும் எம்பெருமான் வருகிறான். அதுவரை அவன் செயல்களையும் பெருமைகளையுமே சொல்லிவந்த ஆழ்வார், தம் இடர் அகல வேண்டும் என்று தமக்காகக் கேட்பது இங்கேதான். 61 எண்களும் இந்த விண்ணப்பத்துக்கு முன்னுரை. அடியோங்கள் கண்ட படங்கள் சிலவற்றில் இப்பகுதி, இடம் போதாமையால், தேரின் அடிப்பீடத்தில் பொடி எழுத்தாகக் கிடக்கிறது. எங்கள் கோஷ்டியில் வரையும் தேரில் அதற்கென்று ஒரு தனித் தாளைக் கீழே ஒட்டி, மற்ற எழுத்துகளின் அளவிலேயே எழுதிவருகிறோம்.