பழைய லேப்டாப்பும் பெயரில்லாத பாட்டுகளும்

பழைய லேப்டாப்பை வீட்டுப் பாட்டு சர்வராக மாற்றுவது என்றதும் பேச்செல்லாம் லேப்டாப்பைப் பற்றியே போகிறது. எந்த லினக்ஸ், எவ்வளவு ரேம், எந்த மென்பொருள்? என் கணிப்பில் அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. அதற்குப் பிறகு பாட்டுகளுக்கு ஒழுங்காகப் பெயர் எழுதும் வேலை வருகிறது. சர்வர் என்பது உண்மையில் அந்தப் பெயர்ப்பட்டியல்தான். அதற்குப் பொறுமை இல்லையென்றால், லேப்டாப்பை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

சென்னையில் எங்கள் ஆதம்பாக்கத்தில் இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதும் அலமாரிக்குப் போனவை இருக்கின்றன. பாட்டு பரிமாற 2 ஜிபி ரேம் தாராளம். டெபியன் லினக்ஸை ஏற்றி, மேலே நாவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளைப் போட்டால், கைபேசி செயலியிலிருந்தும் பிரவுசரிலிருந்தும் கேட்கலாம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: டெபியன் 13 முதல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது, எனவே பிராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும். மூடியைச் சாத்தியதும் லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் யோசிக்காமல் கழற்றிவிட வேண்டும். சென்னை வெயிலில் அதோடு விளையாடக் கூடாது. நல்ல பேட்டரி என்றால் அதுவே சின்ன யுபிஎஸ். வைக்கும் இடம் மேசைக்கு மேலே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரண்ட் பில் எகிறாதா என்று கேட்பார்கள். திரை அணைந்து சும்மா ஓடும் பழைய லேப்டாப் சுமார் 10 முதல் 15 வாட் எடுக்கும். இரண்டு மாத ரீடிங்குக்கு இது 14 முதல் 22 யூனிட். பெரும்பாலான வீடுகளில் இது கண்ணில் படாது. ஆனால் 500 யூனிட்டை ஒட்டியே ஓடும் வீடு கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டின் விலை மட்டுமல்ல, கீழே உள்ள ஸ்லாபின் விலையும் மாறிவிடும். ராஸ்பெர்ரி பை இன்னும் குறைவாகத் தின்னும் என்பது சரியான வாதம்தான். ஆனால் அதற்கு பலகை, அடாப்டர், கார்டு, டிஸ்க் எல்லாம் ரிச்சி தெருவில் புதிதாக வாங்க வேண்டும். மின்சாரத்தில் மிச்சப்படுத்தி அந்தப் பணத்தை மீட்கப் பல வருடம் ஆகும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், எல்லாம்தான் செயலியில் கிடைக்கிறதே என்பது. எல்லாம் கிடைப்பதில்லை, கிடைப்பதும் நிலைப்பதில்லை. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே சரிகம நிறுவனத்தின் பாட்டுகள் அதிலிருந்து போய்விட்டன. மறு வருடம்தான் திரும்பின. 2024இல் ரெஸ்ஸோ, விங்க் செயலிகள் இரண்டுமே கடையைக் கட்டின, அவற்றில் பொறுக்கிச் சேர்த்த பட்டியல்களோடு. இருந்தாலும் இந்தக் காரணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. சினிமாப் பாட்டு எங்காவது மறுபடி கிடைத்துவிடும். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பதிந்த கச்சேரியும், வானொலியிலிருந்து டேப்பில் பிடித்த நாகசுரமும், கல்யாணத்தில் பாட்டி பாடியதும் எந்தச் செயலிக்கும் வரப்போவதில்லை. வீட்டு சர்வருக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பதிவுகளோ ‘டிராக் 07’, ‘சைடு ஏ’ என்ற பெயரில் கிடக்கும். பாடகர், ஆல்பம், பாட்டு என்ற கட்டங்களைச் சுற்றியே உலகத்தை அடுக்கும் மென்பொருளுக்கு, ராகமும் தாளமும் வாக்கேயக்காரரும் பக்கவாத்தியமும் எங்கே போவது என்று தெரியாது. இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. பார்சலோனாவின் போம்பெவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம், நமக்குப் பக்கத்தில் கிண்டியிலுள்ள ஐஐடியையும் சேர்த்துக்கொண்டு, கர்நாடக இசைப் பதிவுகளின் தகவல்களை மியூசிக்பிரைன்ஸ் தளத்தில் முறைப்படுத்தியது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். ராகத்தை ‘ஜானர்’ கட்டத்தில் எழுதினாலே, தோடியைத் தட்டினால் வீட்டிலுள்ள தோடியெல்லாம் வரிசையில் நிற்கும். இசையமைப்பாளர் கட்டத்தில் வாக்கேயக்காரர். சினிமாவுக்கு, ஆல்பம் கலைஞராக இசையமைப்பாளரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பாடகர் பாடிய படம் ஐந்து ஆல்பமாகச் சிதறும். படப்பெயரோடு வருடம் கட்டாயம்: 1980 ‘பில்லா’ விஸ்வநாதனுடையது, 2007 ‘பில்லா’ யுவனுடையது.

பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘எந்தரோ’ கீர்த்தனை நாலு விதமாக வந்து நிற்கும். தமிழில் எழுதுவதே உத்தமம் என்பேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், பின்னால் சேர்க்கப்பட்ட ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. கைபேசியில் தட்டியது ஒன்று, கணினியில் தட்டியது இன்னொன்று என்றால் ஸ்ரீராகம் பட்டியலில் இரண்டு முறை தோன்றும், தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒரே விசைப்பலகையை வைத்து எழுதுவதும், ராகப் பெயர்களைத் தனிக் கோப்பில் வைத்து அதிலிருந்தே ஒட்டுவதும் இதற்கு மருந்து.

இவ்வளவு உழைப்புக்கு யாருக்கு நேரம் என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும்கூட. எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை, வரிசை சரியாக இருந்தால் போதும். சிடிக்கள் காத்திருக்கும், வேண்டுமானால் மறுபடி வாங்கலாம். பரணில் இருக்கும் கேசட்தான் முதலில். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தால் அதைப் பிளேயரில் போடக் கூடாது, ஹெட்டைக் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் பரப்பிவிடும். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைச் சேனல் என்பதால், லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக ஆடாசிட்டி மென்பொருளில் பதிய வேண்டும். பதியும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பின்னணி இரைச்சல் பல சமயம் அடங்கும். பேட்டரியைக் கழற்றிய லேப்டாப்பில் அதற்கு வழியில்லை. பதிவுக்கு மட்டும் வீட்டில் நல்ல பேட்டரி உள்ள இன்னொன்றை எடுக்கலாம். சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். அந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்டபடியே ராகத்தையும் பாடியவரையும் எழுதிவிடலாம். சந்தேகம் வந்தால் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நல்லது.