பண்பாட்டு அமைச்சரும் கடல்கடந்த தமிழும்

1954 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11 ஆம் நாள் நம் புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதே நாளில் மார்த்தாண்டத்திலும் நிகழ்ந்தது. திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைத்திடுக என்று கேட்டதற்காக உயிர்கள் பலியாயின. ஈராண்டு கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்து குமரி மாவட்டமாயின. மொழியின் பொருட்டு ஓர் ஆட்சியை விட்டு மற்றோர் ஆட்சிக்கு வந்த மண் இது. வந்து சேர்ந்த அம்மாநில ஆட்சி, மொழிக்கும் பண்பாட்டுக்கும் எதைச் செய்ய வல்லது, அதன் கை எதுவரை நீளும் என்று வினவும் உரிமை வேறெவரையும்விட நமக்கு மிகுதியாக உண்டு.

தமிழ் வளர்ச்சிக்கும் பண்பாட்டுக்கும் அமைச்சர் ஒருவர் உள்ளார் என்பதை மாணவர் அறிவர். அவர் மலேசிய அரசோடோ பிரெஞ்சு அரசோடோ நேரே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள இயலுமா என்று வகுப்பில் வினவினால், இயலும் என்றே பெரும்பாலோர் விடை பகர்கின்றனர். இயலாது. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் அயலுறவு, பன்னாட்டு மாநாடுகளில் பங்கேற்றல், உடன்படிக்கை, கடவுச்சீட்டு, நுழைவிசைவு அனைத்தும் ஒன்றியப் பட்டியலுக்கு உரியவை. நூலகம், அருங்காட்சியகம், நாடகம் போன்றவை மாநிலப் பட்டியலில் அமைந்தன. கல்வியும் அங்கேயே இருந்தது. 1976 இல் 42 ஆவது திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துச் சென்றது. ஆக, பொருள் மாநிலத்தின் கையில். அப்பொருளைக் கடல் கடத்தும் வாயில் தில்லியின் கையில்.

பிற நாடுகளில் இச்சிக்கலை வேறு வகையாக அணுகியுள்ளனர். கனடாவின் கியூபெக் மாநிலக் கல்வி அமைச்சர் பால் ஜெரின்-லஜ்வா, 1965 ஏப்ரல் 12 அன்று மொன்றியாலில் அயல்நாட்டுத் தூதர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை குறிப்பிடத்தக்கது. உள்நாட்டில் எத்துறை மாநிலத்துக்கு உரியதோ, அத்துறையின் அயலுறவும் மாநிலத்துக்கே உரியது என்பது அவர் கோட்பாடு. பெல்ஜியம் 1993 இல் தன் மொழிச் சமூகங்களுக்கு அவ்வுரிமையை அரசமைப்பிலேயே வழங்கிற்று. ஸ்காத்துலாந்தின் நிலை நமக்குச் சற்று நெருக்கமானது. அங்கு அயலுறவு இலண்டனுக்கே உரியது; எனினும் 2021 இல் பண்பாட்டையும் வெளிவிவகாரத்தையும் ஒரே அமைச்சரிடம் ஒப்படைத்தனர். சட்டம் தராததை நடைமுறையால் ஈட்டிக்கொள்ளும் முயற்சி அது.

தமிழகம் கண்ட வழி யாது? அறிஞர் மன்றத்தின் வழி. 1964 இல் தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது தனிநாயகம் அடிகள் முயன்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். அது அரசு அமைப்பன்று; எனவே எந்நாட்டிலும் கூடலாம், எந்நாட்டவரையும் அழைக்கலாம். 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தபோது அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலம் கலந்துகொண்டார். இரண்டாம் மாநாட்டை 1968 சனவரியில் அறிஞர் அண்ணாவின் அரசு சென்னையில் நடத்திற்று. கடற்கரைச் சாலையில் அன்று எழுந்த சிலைகளை யாவரும் அறிவர். அவற்றுள் கால்டுவெல்லும் போப்பும் வீரமாமுனிவரும் நிற்கின்றனர். பிறநாட்டார் மூவரைத் தமிழ்ச் சான்றோர் வரிசையில் நிறுத்தியதைவிடச் சிறந்த அயலுறவுச் செய்தி எதுவென நாம் வியப்பதுண்டு. 1970 இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் சென்னையில் அமைந்தது.

ஆயினும் இவ்வழியில் முள்ளும் உண்டு. 1974 சனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நான்காம் மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சி. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திருச்சி ஜமால் முகமது கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் நயினார் முகமது. காவல்துறை கூட்டத்தினுள் புகுந்தது. ஒன்பது உயிர்கள் மாண்டன. அந்நிகழ்வைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1995 இல் தஞ்சை மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி முதலிய இலங்கை அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். மாநாடு மாநிலத்தினுடையது; விமான நிலையத்தில் முத்திரை குத்தும் கையோ மாநிலத்தினுடையதன்று. விருந்தினரை அழைத்தவர்க்கு வாயிலைத் திறக்கும் உரிமை இல்லாத நிலை அன்று வெளிப்பட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். 2010 இல் கோவை மாநாட்டை முன்னிட்டுத் தமிழாராய்ச்சி மன்றத் தலைவர், சப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராசிமா, ஆய்வுக்குப் போதிய கால அவகாசம் வேண்டினார். அரசு குறித்த நாள் அவருக்கு ஒவ்வவில்லை. மன்றம் விலகி நின்றது. செம்மொழி மாநாடு என்ற பெயரில் அரசே சூன் 23 முதல் 27 வரை நடத்திற்று. சிவத்தம்பி அம்முறை வந்து கலந்துகொண்டார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஆய்வாளர் மன்றத்தைத் துணைக்கொண்டு அயல்நாடு சென்ற அரசு, அம்மன்றத்துக்கு நாள் குறிக்கவும் முற்படலாமா? கூடாது என்பதே நம் கருத்து. விருந்தோம்புவது அமைச்சரின் பணி; கட்டுரைகளின் தகுதியைத் தேர்வது அறிஞரின் பணி.

ஆரவாரம் குறைந்த பணிகளே ஆழமாக வேர்விட்டன எனலாம். 1996 முதல் தமிழ் வளர்ச்சி, பண்பாட்டுத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் முனைவர் மு. தமிழ்க்குடிமகன். கல்லூரி முதல்வராக விளங்கிய தமிழ்ப் பேராசிரியர். நம் தொழிலார் ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்ததில் நமக்குச் சிறிது செருக்கும் உண்டு. அவ்வாட்சிக் காலத்தில், 1999 பிப்ரவரியில், சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமெரிக்கா முதலிய நாடுகளின் தமிழ்க் கணிப்பொறி வல்லுநர்கள் ஒன்றிருந்து பேசினர். விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. எந்த வெளியுறவு அமைச்சகமும் கையொப்பமிடாத உடன்படிக்கை அது! 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கி, அயல்நாட்டுச் சிறார்க்குத் தமிழ்ப் பாடம் கொண்டு சென்றது. 2017 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு மாநில அரசு 10 கோடி ரூபாய் வழங்கிற்று. 2021 இல் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித்துறை அமைச்சராகச் செஞ்சி மஸ்தான் பொறுப்பேற்றார். மறு ஆண்டு முதல் சனவரி 12 அயலகத் தமிழர் நாள் ஆயிற்று.

அமைச்சர் எவரும் இல்லாமலே தமிழைக் கடல் கடத்தியோர் நம் முன்னோர் என்பதையும் ஈண்டு நினைக்கிறோம். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் நிறுவிய தமிழ்ப் பள்ளி உமறுப் புலவரின் பெயரைத் தாங்கிற்று. பின்னாளில் அந்நாட்டின் தமிழ்மொழி நிலையமும் அப்பெயரையே ஏற்றது. சீறாப்புராணம் பாடிய புலவர் பெயரை அயல்நாடு ஒன்று தன் கல்விக்கூடத்துக்குச் சூட்டியிருப்பது நம் மாணவருள் எத்தனை பேர்க்குத் தெரியும்?

இன்று புதுக்கடையிலிருந்தும் தேங்காப்பட்டணத்திலிருந்தும் வளைகுடா சென்றோர் பலர். அங்கு வளரும் பிள்ளைகட்குத் தமிழ்ப் பாடநூல் அனுப்ப மாநில அமைச்சரால் இயலும். ஆசிரியர்க்குப் பயிற்சி தர இயலும். தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கவும் இயலும். அங்கு ஒரு வகுப்பறை திறக்க வேண்டுமெனில் அந்நாட்டின் இசைவும் நம் தூதரகத்தின் துணையும் தேவை. சென்ற விடுமுறையில் நம் மாணவர் ஒருவர், மஸ்கட்டில் பிறந்து வளர்ந்த தம் தம்பியைத் துறைக்கு அழைத்து வந்தார். பத்து வயதுச் சிறுவன். தமிழில் தடையின்றிப் பேசினான். பெயரை எழுதச் சொன்னோம். ஆங்கிலத்தில் எழுதி, அதனடியில் அரபியிலும் அழகுற எழுதினான். தமிழில் எழுதத் தெரியாதென்று தலைகுனிந்தான். அவன் ஊர் திரும்புமுன் ஒரு வாரம் மாலைதோறும் வந்தான். உயிரெழுத்துப் பன்னிரண்டும் கற்று, மெய்யில் பாதியை எட்டியபோது விடுமுறை முடிந்துவிட்டது.