மழை பிடிக்குமுன் பேபி கெரியர் வாங்குபவர்களுக்கு

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழை. மழையென்று கிளினிக் நாள் தள்ளிப்போவதில்லை. இரண்டு, நான்கு, ஆறு மாதத் தடுப்பூசிகளும் நிறை பார்ப்பதும் வழமைபோல் நடக்கும். லயத்திலிருந்து தம்பேதன்னை பஸ் ரோட்டுக்கு, ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளையுமாகப் பாசி பிடித்த படியில் இறங்குவதைவிட, பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு கையால் எதையாவது பிடித்து இறங்குவது நல்லது. வாங்குவதென்றால் இப்போதே வாங்கி, வெயிலுள்ள நாளில் வீட்டுக்குள் கட்டிப் பழகுங்கள்.

பண்டாரவளைக் கடையில் நிறத்தைப் பார்க்குமுன் இருக்கையைப் பாருங்கள். துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளைக்கால்போல் விரிந்திருந்தால் சரி. கவட்டை மட்டும் தாங்கிக் கால்களை நேரே தொங்கவிடும் ஒடுக்கமான பை வேண்டாம். பிறந்த முதல் மாதங்களில் இடுப்பு மூட்டு இன்னும் உறுதிப்பட்டிருக்காது. அகலமான இடுப்புப் பெல்ட் உள்ளதை எடுங்கள். பகலெல்லாம் கொழுந்து சுமந்த கழுத்துக்கும் தோளுக்கும் மாலையில் அதன் அருமை தெரியும். பெட்டியில் வெளிப்பக்கம் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையின் படம் இருக்கும். அப்புத்தளைக் காற்றுக்கு அது சரிப்படாது, முகம் உங்கள் பக்கமே இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து சித்தி அனுப்பிய பழையது என்றால், தையலையும் பக்கிளையும் பலமாக இழுத்துப் பார்க்காமல் பிள்ளையை வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் மூச்சுதான். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, தோளில் மாட்டும் துணித் தொட்டில்களோடு தொடர்புடையதாக 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்ததைச் சொல்லி எச்சரித்தது. அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிறையாதவர்கள். துணி தளர்ந்து பிள்ளை சுருண்டு, நாடி நெஞ்சில் அமுங்கினால் மூச்சு அடைபடும், அழக்கூட முடியாது. ஆகவே இறுக்கமாகக் கட்டுங்கள். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மழைக்கோட்டை, கம்பளியை, பொலித்தீனை முகத்துக்கு மேலால் இழுத்து மூடாதீர்கள். குடை போதும். நாலு எட்டுக்கு ஒரு தடவை முகத்தைப் பாருங்கள். குறைமாதப் பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை, சளி பிடித்து இழுக்கும் பிள்ளை என்றால், குடும்பநல மருத்துவிச்சியிடம் கேட்காமல் கெரியரில் வைக்க வேண்டாம்.

குளிருக்குப் பயந்து மூன்று சுவெட்டர் போடுவதும் தவறு. கெரியர் துணியும் உங்கள் உடற்சூடும் சேர்ந்தே ஒரு போர்வை. பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தொங்கும் பாதங்களுக்குத்தான் மேசு தேவை.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகவே கூடாது. சரிவும் மருந்தடித்த செடியும் அதற்குரிய இடமல்ல, பிள்ளை மடுவத்தில் விடுங்கள். விறகடுப்புப் பக்கமும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் அறவே வேண்டாம். திடீர் பிரேக்கில் எந்தக் கெரியரும் காப்பாற்றாது.

மண்சரிவு எச்சரிக்கை வரும் நாட்களில் இதன் பயன் வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேறு என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. முதல் எச்சரிக்கையிலேயே கெரியரைக் கதவோரம் மாட்டி, கிளினிக் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். அம்மா மலையில் நிற்கும் நேரத்தில் மழை கொட்டினால் பிள்ளையைத் தூக்கப்போவது அப்பாவோ அப்பாயியோதான். அவர்கள் உடம்புக்கு வார் எவ்வளவு நீள வேண்டும் என்று பார்த்து, வாரில் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.