பாணன் சொன்ன வழி: மரக்காணம் முதல் திண்டிவனம் வரை நடக்க முழுமையான வழிகாட்டி

இத்தாலியில் ரோமர்கள் கல் பாவிய சாலையில் இன்றும் நடக்கிறார்கள். ரோம நாட்டு மதுச்சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு நமக்குப் பக்கம்தான். ஆனாலும் அப்படியொரு கல்சாலை இங்கே இல்லை. இருப்பது ஒரு பாட்டு. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி, ஒரு பாணன் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை அது.

முதலில் ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். முதலாவது மரக்காணம் என்பர். வேலூர், இன்றைய உப்புவேலூர். ஆமூர், திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர். கிடங்கில் திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. ஊர்கள்தான் கணக்கு, இடையில் இருந்த தடத்தை யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

நாளும் தூரமும்

தை, மாசி நல்லது. நேர்ச்சாலையில் சுமார் 35 கி.மீ.; உப்புவேலூர் சுற்றிப் போனால் கூடும். புதிதாக நடப்பவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வரும் பக்கமாக, வலது ஓரத்தில் நடங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

விடியலில் உப்பளம்

மரக்காணத்தில் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். உப்புப் பாத்திகளின் வரப்பில் கால் வைக்குமுன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிதித்தால் வரப்பு உடையும். அருகே கழுவேலி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் போனால் பறவை பார்த்தே ஒரு மணி நேரம் போய்விடும், திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடே மைல்கல்

ரோமர் சாலையில் தூரம் சொல்லக் கல் நட்டிருந்தது. நம் பாணனோ எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறான். பட்டினத்தில் பரதவர் வீட்டுத் தேறலும் சுட்ட உலர்மீனும். வேலூரில் எயிற்றியர் என்ற வேட்டுவப் பெண்கள் ஆக்கிய சூடான புளிச்சோறு, கூடவே காட்டுப்பசு இறைச்சி. ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறு, நண்டுக் கலவையோடு. கடல், காடு, வயல் என்று நிலம் மாறுவதை நாக்கே சொல்லிவிடும். பசியோடு நடப்பவனுக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது. காட்டுப்பசுவை விட்டுவிடுங்கள், மற்றதற்குக் கருவாடு, புளிச்சோறு, நண்டுக்குழம்பு போதும்.

கிடங்கலில் நிறுத்துங்கள்

கிடங்கு என்றால் அகழி. பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், எஞ்சியது கொஞ்சம்தான். கடைசிப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை இங்கே பிரிக்கலாம். திண்டிவனம் என்ற பெயரே திந்திருணி வனம், அதாவது புளியங்காடு என்கிறார்கள்.