கடைசி மகளைச் சிங்கப்பூர் அண்ணனுக்குத் தத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் முத்துப்பேட்டை. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். கடைசி மகளுக்கு நாலு வயது முடியப் போகிறது. என் காக்கா இருபது வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே பி.ஆர்.; ஆனால் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். நிக்காஹ் முடிந்து பதினாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. எங்கள் கடைசி மகளைக் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். பஜாரில் கடை வைத்த வகையில் எங்களுக்குக் கடன் இருக்கிறது. அதையும் தானே அடைத்துவிடுவதாகக் காக்கா சொல்கிறார். மச்சிக்கு மகள் மேல் உயிர். உம்மாவும் கொடுக்கச் சொல்கிறார்கள். 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டில் காக்கா பெயரைத் தகப்பனாராகப் போட்டுவிட்டால் போதும் என்று டிராவல்ஸ்காரர் ஒருவர் சொல்கிறார். ஹஜ்ரத்திடம் கேட்டோம், வளர்க்கலாம், தகப்பன் வழியை மாற்றக் கூடாது என்றார். சட்டம் என்ன சொல்கிறது? இது சரிவராவிட்டால் இந்தோனேசியாவில் பிள்ளை ஏற்பாடு செய்து தருவதாகக் காக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நடக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முத்துப்பேட்டை

பதில்: சகோதரி, அந்தப் பத்திரத்தில் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

நோட்டரி கையெழுத்தால் ஒரு பிள்ளையின் தகப்பனார் மாறுவதில்லை. பெற்ற தகப்பனாரை மறைத்து, மாமன் பெயரைத் தகப்பனார் என்று எழுதிக் கொடுத்தால் அது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. கையெழுத்துப் போட்டவர்கள் மாட்டுவார்கள். யோசனை சொன்ன டிராவல்ஸ்காரர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. விசிட் விசாவில் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்துக்கொள்வதும் தீர்வல்ல. உரிய உத்தரவு இல்லாமல் ஒரு குழந்தையைத் தத்துக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது, அனுப்புவது, அதற்கு ஏற்பாடு செய்வது ஆகிய எல்லாமே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 56, 80ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்கு உரியவை. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சொந்தக்காரர்களுக்குள் நடப்பதற்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். சட்டம் இப்படி இறுகியதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984இல் கொடுத்த தீர்ப்புதான் இன்றைய விதிகளுக்கெல்லாம் அடிப்படை. அதற்குப் பிறகும் திருட்டு நிற்கவில்லை. சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனம் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது 2005இல் வெளிவந்தது. அந்தக் குழந்தைகளுக்கும் காகிதங்கள் இருந்தன, கையெழுத்துகளும் இருந்தன. அதனால்தான் இப்போது அதிகாரிகள் காகிதத்தோடு நிற்காமல் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, அவர் கூடப் பிறந்த காக்காவா? உங்கள் பக்கத்தில் பெரியவாப்பா மகனையும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் கேட்கிறேன். உறவுமுறைத் தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டம் ஏற்கும் உறவினர் பட்டியல் மிகச் சிறியது. பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, சித்தி, இரு பக்கத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். கூடப் பிறந்தவர் என்றால் உங்கள் மகளுக்குத் தாய்மாமன், வழி திறந்திருக்கிறது. ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் இந்த வழி கிடையாது. அந்த நிலையில் சிலர், பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். கேட்டுவிடாதீர்கள். ஒப்படைத்தால் மனம் மாற 60 நாள் அவகாசம் தருவார்கள். அது கடந்ததும் பிள்ளை பொதுவரிசைக்குப் போய்விடும். எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

கூடப் பிறந்தவர் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

மார்க்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இளைஞர் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: எந்த மதத்தவரும் விரும்பினால் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் தனிச்சட்டப்படியே இருக்கலாம். யாரையும் இது கட்டாயப்படுத்துவதில்லை. ஹஜ்ரத் சொன்னதை நான் மறுக்கவும் இல்லை, அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை அவரிடமே மறுபடி பேசுங்கள். ஒன்று, தாய்மாமன் பிறப்பாலேயே மஹ்ரம், அதாவது மணமுறை இல்லாத உறவு. மகள் வயதுக்கு வந்த பின் அந்த வீட்டில் இருப்பதில் பர்தா சிக்கல் எழாது. இரண்டு, சொத்து. இந்தியச் சட்டப்படி தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் வரும். சிங்கப்பூரில் முஸ்லிம்கள் உயில் எழுதாமல் விட்டுப் போகும் சொத்து ஃபராயிள் என்ற இஸ்லாமிய வாரிசு முறைப்படி பிரியும். தத்துப் பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாது. எனவே மகளுக்கு ஏதாவது சேர வேண்டுமென்றால் உங்கள் காக்கா உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகவோ (கொடை), மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தாகவோ (உயில்) எழுத வேண்டும். இதை இப்போதே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

இனி நடைமுறை. இதில் எல்லாரும் தொடங்கும் இடமே தவறு. திருவாரூரில் உத்தரவு வாங்கிவிட்டு அப்புறம் விசா பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். வேலை சிங்கப்பூரில்தான் தொடங்க வேண்டும். அந்த நாடு இந்தப் பிள்ளையை உங்கள் காக்காவின் மகளாக உள்ளே விடுமா என்பது தெரியாமல் இங்கே எதுவும் செய்யக் கூடாது. அங்கே சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு இதைப் பார்க்கிறது. 2022இல் இயற்றிய புதிய தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தத்தெடுப்பவர் தகுதியானவரா என்ற மதிப்பீடு முன்பைவிடக் கடுமை. பி.ஆர். என்பது உங்கள் காக்காவுக்குச் சாதகம். இதே கேள்வியை ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் ஒருவருக்காக நீங்கள் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்; அவர்கள் மனைவியைக்கூட அழைத்துக்கொள்ள முடியாது. வளைகுடாவில் இருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தந்த நாட்டுச் சட்டம் தனி.

அமைச்சு ஆட்சேபம் இல்லை என்று சொன்னால், காக்காவும் மச்சியும் அங்கேயே வீட்டாய்வு அறிக்கை தயார் செய்ய வேண்டும். காரா எனப்படும், டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் அங்கீகரித்த அமைப்பு அங்கே இருந்தால் அதன் வழியாக. இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தின் வழியாக. வருமானம், உடல்நலம், காவல் துறைச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் காராவின் இணையதளத்தில் ஏறும். பிறகு காரா திருவாரூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதும். அங்கிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுவார். அது டெல்லிக்குப் போய், காராவின் முன் அனுமதி வந்த பிறகுதான் மாவட்ட ஆட்சியரிடம் மனு. முன்பு இது நீதிமன்றத்தில் நடந்தது. 2021 திருத்தத்துக்குப் பின், 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர்தான் உத்தரவு போடுகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஊர் தெரிந்துகொள்ளுமே என்ற பயம் வேண்டாம். உத்தரவு கிடைத்ததும் காரா தடையின்மைச் சான்று தரும். புதிய பிறப்புச் சான்றிதழும் அதை வைத்துப் பாஸ்போர்ட்டும் அதற்குப் பிறகே. போன பின்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து அறிக்கை வரவேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று.

வயது வரம்பு பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். தம்பதியின் கூட்டு வயது இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி உறவுமுறைத் தத்துக்கு இல்லை. மாறாக உங்கள் மகளின் வயதுதான் முக்கியம். ஐந்து முடிந்துவிட்டால் அவளுடைய சம்மதத்தையும் எழுத்தில் கேட்பார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட எங்கே போகிறோம் என்று சொல்லாமல் கொண்டுபோவது நல்லதல்ல என்பது என் கருத்து.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். அன்பாகச் சொன்னதாகவே இருக்கும். ஆனால் ஆட்சியர் உத்தரவு போடுமுன், தத்துக்காகப் பெற்றோர் பணமோ பிரதிபலனோ பெறவில்லை, பெற ஒப்புக்கொள்ளவும் இல்லை என்று திருப்தி அடைய வேண்டும் என்கிறது 61ஆம் பிரிவு. பிள்ளையைக் கொடுத்த மாதமே கடைக் கடன் அடைபட்டிருந்தால், அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அதிகாரி வைக்கும் பெயர் வேறு. குழந்தையை விலைக்குக் கொடுத்ததாக 81ஆம் பிரிவில் வழக்கு வந்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். அண்ணன் தங்கைக்கு உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அப்படி உதவுவதானால், தத்துப் பேச்சே இல்லாமல் இன்றைக்கே செய்யட்டும்; அதற்குப் பிறகும் நீங்கள் கொடுக்க மறுக்கலாம் என்று ஒப்புக்கொண்டு செய்யட்டும். அப்படிச் செய்ய அவருக்கு மனம் வராவிட்டால், அது உதவி இல்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் சம்மதித்தது இருக்கிறது, உம்மா சொன்னது இருக்கிறது, மச்சியின் ஆசை இருக்கிறது. உங்களுக்கு விருப்பமா என்பது மட்டும் எங்கேயும் இல்லை. ஆட்சியர் முன்னால் நீங்கள் உட்காரும்போது கேட்கப்படும் கேள்வி அதுதான். உத்தரவு ஆன பிறகு சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவளுக்குத் தாய் அல்ல, மாமி. நாளைக்கு அங்கே ஒரு பிள்ளை பிறந்தாலும், அவர்களுக்குள் ஒத்துவராமல் போனாலும், உங்கள் மனம் மாறினாலும் திருப்பிக் கேட்க முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.

இந்தோனேசியா யோசனை இன்னும் ஆபத்தானது. 2025 ஜூலையில் மேற்கு ஜாவா போலீசார், கைக்குழந்தைகளை விலைக்கு வாங்கிச் சிங்கப்பூருக்கு அனுப்பிய கும்பலைப் பிடித்தார்கள். 1980களில் இலங்கையில் இதே வியாபாரம் ஐரோப்பியர்களை நம்பி நடந்தது; ஐரோப்பாவில் வளர்ந்து ஆளான பிள்ளைகள் இன்று பெற்ற தாயைத் தேடிக் கொழும்புக்கு வந்து, ஆவணத்தில் உள்ள பெயரே பொய் என்று கண்டுபிடிக்கிறார்கள். இந்தியக் குடிமகன் வேற்று நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது என்பதில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி அங்கே முடிக்க வேண்டும்; காராவின் ஒப்புதல் வேண்டும்; அந்தப் பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டுவர, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இந்திய விசா வேண்டும்; அதைத் தருமுன் நம் தூதரகம் தத்து ஆவணங்களைச் சரிபார்க்கும். இடையில் ‘ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்று ஒருவர் வருவதற்கு இதில் எங்கும் இடமில்லை.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். காக்காவை அமைச்சில் எழுத்துமூலம் விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கணவரோடு திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்க் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். அதில் பிள்ளையின் பெயர் ஏறாமல் தாய் தகப்பன் பெயர் மட்டும் இருந்தால் முதலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பெயரும் காக்காவின் பெயரும் எல்லா ஆவணத்திலும் ஒரே வாப்பா பெயரோடு, ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றில் ‘முகமது’, இன்னொன்றில் ‘முஹம்மது’ என்று இருந்தால், நீங்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்று காட்டவே தனியாக அலைய வேண்டிவரும்.